திருச்சபைத் தலைமையும் பரந்த வாசிப்பும்: முத்துக்குளித்துறை தரும் சில படிப்பினைகள்

பரிசுத்த பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் கடைசி அதிகாரத்தில், பதின்மூன்றாம் வசனத்தை நாம் பெரும்பாலும் விரைந்து கடந்துவிடுகிறோம். துரோவாவில் கார்ப்பு என்பவனிடம் விட்டுவந்த மேலங்கியையும் புத்தகங்களையும், சிறப்பாகத் தோற்சுருள்களையும் எடுத்துவருமாறு அப்போஸ்தலர் அதில் கேட்கிறார். தம் ஓட்டம் முடிந்தது என்று சற்று முன்னரே எழுதிய ஒருவர், குளிருக்கு அங்கியையும் வாசிப்புக்குச் சுருள்களையும் ஒரே வாக்கியத்தில் கேட்பது சிந்திக்கத்தக்கது. தமக்குத் திருமறை ஒன்றே போதும், வேறு நூல் வேண்டாம் என்று கூறிய உடன் ஊழியர்களுக்கு யோவான் வெஸ்லி இவ்வசனத்தையே விடையாகக் காட்டினார். அப்படியானால் நீர் பவுலுக்கும் மேற்பட்டவர் என்பது அவருடைய மறுமொழியின் சாரம். வாசிப்பில் நாட்டமில்லை என்போர் நாட்டத்தை வளர்த்துக்கொள்ளட்டும், இன்றேல் முன்பு செய்த தொழிலுக்கே திரும்பட்டும் என்றும் அவர் தயவின்றிக் கூறினார்.

நம் குருமனைகளின் புத்தக அலமாரிகளை நோக்கினால் வெஸ்லியின் கடுமைக்குக் காரணம் விளங்கும். இறையியல் கல்லூரியில் பயின்ற காலத்தில் வாங்கிய நூல்கள் ஒரு தட்டில் இருக்கும். அதன்பின் வந்தவை பெரும்பாலும் பிரசங்கக் குறிப்புகள், நாட்காட்டிகள், விழா மலர்கள். குருப்பட்டம் பெற்ற நாளோடு வாசிப்பு நின்றுவிடுகிறது. ஆனால் அதிகாரமோ அன்றுதான் தொடங்குகிறது. சேகரக் கமிட்டியின் தலைமை, பள்ளிக்கூடத்தின் தாளாளர் பொறுப்பு, குடும்ப வழக்குகளில் தீர்ப்பு, கல்லறைத் தோட்டத்து எல்லைத் தகராறு ஆகிய யாவும் ஒருவர் தலைமேல் வந்து சேரும் அதே நாளில், அவரைத் திருத்தக்கூடிய குரல்கள் ஒவ்வொன்றாக அடங்கிவிடுகின்றன. சபையார் மரியாதையினால் பேசார். பணியாளர் அச்சத்தினால் பேசார். மறைமாவட்டத்துத் தலைவர்களோ தொலைவில் இருக்கிறார்கள். இந்நிலையில் பரந்த வாசிப்பு தலைவனுக்கு அளிக்கும் பெரும் நன்மை, பிரசங்கத்துக்கு உதாரணங்கள் சேகரித்துத் தருவதன்று. அவனைத் திருத்தப்படத் தக்கவனாக வைத்திருப்பதே என்பது நம் துணிபு. அதற்குச் சான்றுகளை வெளிநாடுகளில் தேட வேண்டுவதில்லை. நம் தென்கோடிக் கடற்கரையே போதிய சான்று தருகிறது.

தூத்துக்குடி மாவட்டத்தின் தென் எல்லையை ஒட்டிய பெரியதாழை, ரோமன் கத்தோலிக்க மீனவர் வாழும் ஊர். அதற்கு வடகிழக்கே சில மைல் தொலைவில், சவேரியார் தங்கிய குகை உள்ள மணப்பாடு; மேற்கே, தேரியின் செம்மணலைக் கடந்து உள்நாட்டில், கால்டுவெல் ஐயர் ஐம்பது ஆண்டுகள் ஊழியஞ்செய்த இடையன்குடி; கடலோரமாக வடக்கே சென்றால், தமிழில் முதன்முதல் அச்சேறிய நூல்களை ஆக்கிய என்றீக்கே என்றீக்கசு பாதிரியார் வாழ்ந்து மறைந்த புன்னைக்காயல்; உட்புறமாகத் திரும்பினால் நாசரேத்தும் சாயர்புரமும். ஒரே நாளில் சுற்றிவரக்கூடிய இச்சிறு வட்டத்துக்குள் நானூற்றைம்பது ஆண்டுகளாகத் திருச்சபைத் தலைவர்கள் வாசித்தும், வாசிக்கத் தவறியும், தவறாக எழுதியும், அதற்காகக் கண்டிக்கப்பட்டும் இருக்கிறார்கள்.

பிரான்சிஸ் சவேரியார் இக்கரைக்கு வந்தது 1542-ஆம் ஆண்டு. தமிழும் போர்த்துக்கீசியமும் ஓரளவு அறிந்த சிலரை அமர்த்தி, விசுவாசப் பிரமாணத்தையும் கர்த்தருடைய ஜெபத்தையும் கட்டளைகளையும் தமிழாக்கச் செய்து, அவற்றை மனப்பாடம் பண்ணி, கைமணியை அடித்துக்கொண்டு தெருத்தெருவாகச் சென்று பிள்ளைகளைக் கூட்டிக் கற்பித்தார். அவர் தமிழ் நூல் கற்றவரல்லர். அதுமட்டுமன்று, 1544-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கொச்சியிலிருந்து எழுதிய புகழ்பெற்ற மடலில், ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களுக்குச் சென்று, அன்பினும் கல்வி மிகுந்திருப்போரை நோக்கிப் பித்தனைப்போலக் கூவத் தமக்குத் தோன்றுவதாகவும் குறிப்பிட்டார். படிப்பாளிகளுக்கு எதிராக விடுக்கப்பட்ட மிகக் கடுமையான கண்டனங்களுள் ஒன்று நம் கரையின் அனுபவத்திலிருந்தே எழுந்தது என்பதை, வாசிப்பைப் போற்றி எழுதும் நாம் மறைக்கலாகாது. மக்கள் ஆயரிடம் புத்தகத்தைத் தேடவில்லை, அவர் தங்களோடு இருப்பதையே தேடுகிறார்கள் என்று கூறும் உடன் ஊழியர்களுக்கு இது நல்ல ஆதாரம். அவர்கள் கூற்றில் பாதி உண்மை உண்டு.

மற்றப் பாதியை அதே ஆண்டில் சவேரியார் தம் உடன் ஊழியரான மன்சிலாசுக்கு எழுதிய மற்றொரு கடிதத்தில் காண்கிறோம். விசுவாசப் பிரமாணத்தின் முதற்சொல்லுக்கு, அதாவது ‘விசுவாசிக்கிறேன்’ என்னும் பொருளில், மொழிபெயர்த்தவர்கள் ‘வேணும்’ என்ற சொல்லை இட்டிருந்தனர். கடவுளை நம்புகிறேன் என்று அறிக்கையிட வேண்டிய மக்கள், மாதக்கணக்காகக் கடவுள் எனக்கு வேணும் என்று ஓதி வந்தார்கள்! பக்தியாகப் பார்த்தால் அதிலும் குறையில்லை என்று நம்மில் சிலர் சொல்லக்கூடும். ஆயினும் அது திருச்சபையின் விசுவாச அறிக்கையன்று. ‘வேணும்’ என்பது விருப்பத்தைக் குறிக்கும் சொல் என்று அறிந்துகொண்ட சவேரியார், இனி அதை விடுத்து விசுவாசம் என்ற சொல்லையே கையாளும்படி எழுதினார். ஆயிரக்கணக்கானோருக்குத் திருமுழுக்கு அளித்த கையே இத்திருத்தத்தையும் எழுதியது. தாம் பரப்பிய ஒன்றில் பிழையுண்டென்று கண்டபோது அதைக் காப்பாற்ற அவர் முயலவில்லை. ஆனால் இத்தகைய பிழைகளைச் செவிவழியாகத் தற்செயலாய் அறிவதைவிட, மொழியை முறையாகக் கற்று அறிவதே நிலையான வழி என்பதை அவருக்குப் பின் வந்தவர் உணர்ந்தார்.

அவரே என்றீக்கசு. 1546-இல் இந்தியா வந்து, பின்னர் இக்கரையில் அரை நூற்றாண்டுக் காலம் உழைத்தவர்; பல ஆண்டுகள் இப்பகுதி ஊழியத்துக்குத் தலைவராயிருந்தவர். தமிழைப் பேச மட்டுமன்றி எழுதவும் படிக்கவும் கற்று, ஐரோப்பியர் கற்கும்பொருட்டுத் தமிழுக்கு ஓர் இலக்கணமும் எழுதினார். அவர் தமிழாக்கிய ‘தம்பிரான் வணக்கம்’ 1578-இல் கொல்லத்தில் பதினாறே பக்கங்களில் அச்சாயிற்று. ‘கிரிசித்தியானி வணக்கம்’ 1579-இல் கொச்சியில் வெளிவந்தது. அடியார் வரலாறு கூறும் பெருநூல் 1586-இல் வந்தது. இவ்வச்சு வேலைக்குப் பொருளுதவி செய்தவர்கள் முத்துக்குளிக்கும் பரதவர்களே. நம்மவருள் பலர் தமிழ்க் கிறிஸ்தவ வரலாறு 1706-இல் தரங்கம்பாடியில் தொடங்கியதாகவே எண்ணிப் பழகிவிட்டதால், கடலில் மூழ்கிப் பிழைத்த மக்கள் ஒரு புத்தகத்துக்காகப் பணம் கொடுத்த இச்செய்தி நம் பிரசங்க மேடைகளில் கேட்கப்படுவதில்லை. சவேரியார் நாவினால் கற்பித்ததை என்றீக்கசு தாளில் வைத்தார். நாவினால் கற்பிப்பதை ஆசிரியரன்றி வேறொருவர் சரிபார்க்க இயலாது; தாளில் வைத்ததையோ எழுத்தறிந்த எவரும் எடுத்துப் பார்த்துக் குறை சொல்லலாம். தலைமையின் தன்மை இங்கே மாறுகிறது.

தரங்கம்பாடியில் 1706 ஜூலையில் வந்திறங்கிய சீகன்பால்கு, தம் இருபத்துநான்காம் வயதில், சிறுபிள்ளைகளோடு தரையில் அமர்ந்து மணலில் எழுதித் தமிழ் கற்றதை நாம் யாவரும் அறிவோம். 1708-இல் அவர் தாம் திரட்டிய 119 தமிழ் நூல்களின் பட்டியலை ஒவ்வொன்றுக்கும் குறிப்பெழுதி ஆக்கியதை அத்துணைப் பேர் அறியார். புறச்சமயத்தார் அறிவற்ற மக்கள் என்ற ஐரோப்பிய எண்ணத்தோடு வந்த அவர், அவர்களுடைய நீதிநூல்களை வாசித்தபின் அவ்வெண்ணத்தைத் தாமே மாற்றிக்கொண்டு, மாறியதைத் தம் நாட்டாருக்கும் எழுதினார். தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி 1713-இல் அவர் எழுதியனுப்பிய நூலை, ஹல்லேயிலிருந்த தலைவர் பிராங்கே அச்சிட மறுத்துவிட்டார். மிஷனெரிகள் புறச்சமயத்தை ஒழிக்க அனுப்பப்பட்டவர்களேயன்றி அதன் கதைகளைப் பரப்ப அனுப்பப்பட்டவரல்லர் என்பது அவர் கருத்து. அந்நூல் 1867-இல்தான் சென்னையில் அச்சேறியது. களத்திலிருந்தவர் வாசித்துத் திருந்தினார். தலைமையிடத்திலிருந்தவர் வாசிக்கவேண்டியதில்லை எனத் தீர்த்தார். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட இழப்பு நமக்கு!

இனி இடையன்குடிக்கு வருவோம். ராபர்ட் கால்டுவெல்லின் வாசிப்பைப் பற்றி ஐயமே இல்லை. 1841-இல் அவ்வூரில் அமர்ந்த அவர், சபை வேலை, பள்ளிகள், ஊரமைப்பு, முப்பதாண்டுகளுக்கு மேல் நீண்ட ஆலயக் கட்டுமானம் ஆகிய அனைத்தினூடும், தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம், துளு முதலாகத் தோடர், கோண்டர் பேசும் மொழிகள் வரை ஒப்புநோக்கி, 1856-இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டார். 1881-இல் திருநெல்வேலிச் சரித்திரத்தை வெளியிட்டார். கொற்கையில் நிலத்தைத் தோண்டியும் ஆராய்ந்தார். நேரமில்லை என்று கூறும் ஆயருக்கு இவரைக் காட்டி வெட்கப்படுத்துவது நம் கல்லூரிகளில் வழக்கம். அவ்வழக்கம் நன்றே. ஆனால் இதே கால்டுவெல் 1849-இல் வெளியிட்ட ஒரு சிறுநூலை நாம் மாணவர்களுக்குச் சொல்வதில்லை.

தம் சபையில் பெரும்பான்மையினராயிருந்த நாடார் மக்களைப் பற்றி, இங்கிலாந்திலுள்ள ஆதரவாளர்கள் வாசிக்கும்பொருட்டு எழுதப்பட்ட நூல் அது. அம்மக்களின் வழிபாடுகளையும் தொழிலையும் கூர்ந்து கவனித்து எழுதிய பகுதிகள் அதில் உண்டு. அவற்றோடு, அவர்களை அறிவில் மந்தமானவர்களாகவும், வெளியிலிருந்து வந்து குடியேறியவர்களாகவும் சித்திரித்த பகுதிகளும் உண்டு. வாரந்தோறும் தம் கையினின்று நற்கருணை பெற்றுக்கொண்ட மக்களைப் பற்றி, அவர்கள் ஒருபோதும் வாசிக்கமாட்டார்கள் என்ற எண்ணத்தோடு எழுதப்பட்டதாகவே அது தோன்றுகிறது. ஆனால் அவர்கள் வாசித்தார்கள். அவர்களை வாசிக்கச் செய்தவை மிஷன் பள்ளிகளே.

அப்படி வாசித்தவர்களுள் தலையானவர், சட்டாம்பிள்ளை என அறியப்பட்ட அருமைநாயகம். நாசரேத்துப் பகுதியில் உபதேசியாராயிருந்து, மிஷனெரியோடு ஏற்பட்ட பிணக்கால் நீக்கப்பட்டவர். எபிரேய, கிரேக்க மொழிகளிலும் முயன்று பயிற்சி பெற்றவர். கால்டுவெல்லின் நூல் அவர் சினத்தை மூட்டியது. பழைய ஏற்பாட்டை மிஷனெரியின் துணையின்றித் தாமே ஆழ்ந்து கற்ற அவர், ஐரோப்பியர் கொண்டுவந்த வழக்கங்களுக்குத் திருமறையில் ஆதாரம் எங்கே என்று கேட்டார். 1857-இல் நாசரேத்தை அடுத்த முக்குப்பீறி என்னும் பிரகாசபுரத்தில், ஐரோப்பியத் தலைமையை அறவே ஒதுக்கி, சனிக்கிழமை ஓய்வுநாளை ஆசரிக்கும் ஒரு தனிச்சபை அவரால் எழுந்தது. அச்சபையின் கோட்பாடுகள் பலவற்றை நாம் ஏற்பதற்கில்லை. பழைய ஏற்பாட்டு ஆசாரங்களை அப்படியே மீட்டுக்கொள்வது கலாத்தியர் நிருபத்தின் முன் நிற்காது என்பதும் உண்மை. ஆயினும் வேறொருவர் தங்களைப் பற்றி எழுதியதை வாசித்த மக்கள், தங்களுக்குத் தாங்களே வாசகராகவும் வியாக்கியானம் செய்வோராகவும் ஆனது இந்நாட்டுத் திருச்சபை வரலாற்றில் சிறிய நிகழ்ச்சியன்று. பின்னாளில் அச்சிறுநூலுக்கு எதிராக மறுப்பு நூல்களும் விண்ணப்பங்களும் பெருகவே, கால்டுவெல் அதன் புழக்கத்தை நிறுத்த வேண்டியதாயிற்று.

ஒப்பிலக்கணம் எழுதியவரும் 1849-ஆம் ஆண்டு நூலை எழுதியவரும் ஒருவரே என்பதுதான் இங்கு நாம் ஊன்றிக் கவனிக்கவேண்டியது. வாசிப்பின் பரப்பில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடில்லை. மொழிகளை ஆராய்ந்தபோது சான்றுகள் அவரை எதிர்த்துப் பேச இடமிருந்தது. தமிழ் வடமொழியினின்று பிறந்தது என்ற அக்காலத்துப் பெருங்கருத்தை அவர் மறுக்க முடிந்தது அதனாலேயே. எல்லீசு என்பவர் 1816-இலேயே அவ்வழியைக் காட்டியிருந்தார். கால்டுவெல் அதை வாசித்துத் தொடர்ந்தார். மக்களைப் பற்றி எழுதியபோதோ, எதிர்த்துப் பேசத்தக்க எவரையும் அவர் தம் மேசைக்கு அழைக்கவில்லை. நூற்றுக்கணக்கான நூல்களைக் கற்றும், தம்மைப் பற்றித் தம் சபையார் என்ன எழுதுவார்கள் என்று எண்ணிப்பாராத தலைவர்கள் இன்றும் உண்டு. அவர்களுக்கு வாசிப்பு குறைவு என்று சொல்ல முடியாது. யாரை வாசிக்கிறார்கள் என்பதே கேள்வி.

ஆகவே, ஓர் ஆயர் எதை வாசிக்கவேண்டும் என்று நம்மிடம் வினவும் மாணவர்களுக்கு, வேதவியாக்கியானங்களோடு நிற்கவேண்டாம் என்பதே நம் விடை. தலைமைப் பண்புகள் என்ற பெயரில் இப்போது கடைகளில் குவியும் நூல்களை நாம் பரிந்துரைக்கத் தயங்குகிறோம். அவற்றுள் பெரும்பாலானவை வணிக நிறுவனங்களின் மேலாளர்களுக்காக எழுதப்பட்டவை, சபை என்பது இலாபம் தேடும் கூட்டமன்று. அவற்றில் ஒன்றை வாசித்தால் மற்றவற்றையும் வாசித்ததாகவே கொள்ளலாம்.

மாறாக, கடற்கரைச் சேகரம் ஒன்றில் நியமனம் பெறும் இளம் ஆயரை எண்ணிப் பார்ப்போம். வண்ணநிலவனின் ‘கடல்புரத்தில்’ 1977-இல் நூலாக வந்தது. வல்லங்களுக்கும் இயந்திர லாஞ்சுகளுக்கும் இடையே எழுந்த பகையையும், தன் வல்லத்தை விற்க மனமில்லாத முதிய மீனவரையும் அது சொல்கிறது. உவரியில் பிறந்த ஜோ டி குரூசின் ‘ஆழி சூழ் உலகு’ 2004-இல் வந்தது. பெரியதாழைக்கு அண்மையிலுள்ள ஊரைச் சேர்ந்த ஒருவர், தம் மக்களின் பேச்சுமொழியிலேயே பரதவர் வாழ்வை மூன்று தலைமுறைக்கு விரித்துக் காட்டியிருக்கிறார். அதில் குருவானவரைப் பற்றியும் சபையின் அதிகாரத்தைப் பற்றியும் கரை மக்கள் தமக்குள் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்பதை நாம் கேட்கலாம். குருமனைத் திண்ணையில் அது கேட்காது. நாவல்களில் ஆபாசச் சொற்கள் உண்டே என்று முகஞ்சுளிப்போருக்கு, எசேக்கியேலின் சில அதிகாரங்களை மறுபடி வாசிக்குமாறு கூறுவதோடு நிறுத்திக்கொள்கிறோம்.

நாவலோடு சட்டமும் வாசிக்கப்படவேண்டும். லாஞ்சுகளால் நேர்ந்த அம்மோதல்களின் பின்னணியில்தான் 1983-ஆம் ஆண்டு தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. விசைப்படகுகள் கரையிலிருந்து குறிப்பிட்ட தொலைவுக்கு உட்பட்ட பகுதியில் மீன்பிடிக்கலாகாது என்பது அதன் முக்கிய விதி. நாட்டுப்படகுக்காரர் ஒருவர் தம் வலை அறுபட்டு வந்து நிற்கையில், இவ்விதியை அறிந்த ஆயர் அவரோடு மீன்வளத்துறை அலுவலகத்துக்குச் சென்று என்ன கேட்கவேண்டும் என்று அறிவார்; அறியாதவர் ஜெபித்து அனுப்புவார். ஜெபம் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. கடலரிப்பு, தூண்டில் வளைவு, கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை அறுபத்தொரு நாள் மீன்பிடித் தடைக்காலம், அக்காலத்து உதவித்தொகை, கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிப்புகள் ஆகிய யாவும் எழுத்தில் உள்ளவையே. எழுத்தில் உள்ளதை வாசித்துச் சபையாருக்கு விளக்கவல்லவர் ஊரில் மூன்று நான்கு பேரே இருக்கும் இடங்களில், ஆயர் அவர்களுள் ஒருவராக இல்லாதிருப்பது தகுமா?

மூன்றாவதாக, நம்மைக் குற்றஞ்சாட்டும் நூல்கள். பாமாவின் ‘கருக்கு’ 1992-இல் வெளிவந்தது. துறவற மடத்தில் சேர்ந்து, பின் அதை விட்டு வெளியேறிய தலித் கிறிஸ்தவப் பெண் ஒருவர், திருச்சபைக்குள் தாம் கண்ட சாதியைப் பற்றி எழுதியது அது. இது கத்தோலிக்கரின் பிரச்சினை என்று நம்மில் சிலர் ஆறுதல் அடைந்ததை நாம் அறிவோம். நம் கல்லறைத் தோட்டங்களையும் தேர்தல் பட்டியல்களையும் அறிந்தவர்கள் அவ்வாறு ஆறுதலடைய இயலாது. இத்தகைய நூலை ஓர் ஆயர் தனியே, மறுப்புரை தேடாமல், இரண்டு முறை வாசிப்பாரானால், அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் யார் பேசாமல் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கவனிக்கத் தொடங்குவார். நம் அனுபவத்தில் வாசிப்பின் பயன் பெரும்பாலும் இவ்வளவு சிறிதாகவே முதலில் தெரிகிறது.

நடைமுறையைப் பற்றியும் ஒன்றிரண்டு சொல்லவேண்டும். நான்கைந்து சபைகளைக் கொண்ட சேகரத்தில் வெஸ்லி விதித்த ஐந்து மணி நேரம் கிட்டாது. காலையில் முக்கால் மணி நேரம் கிட்டும். அதைச் செய்தித்தாளுக்கும் தொலைபேசிக்கும் முந்தி எடுத்துக்கொண்டால்தான். நூலின் விலை தடையாயின், அண்டைச் சேகரத்து ஆயர்கள் ஐவர் கூடி ஆளுக்கொரு நூல் வாங்கி மாற்றிக்கொள்ளலாம். ஆண்டு முடிவில் ஒவ்வொருவரும் ஐந்து வாசித்திருப்பர். குருமார் மாதாந்திரக் கூடுகையில் அறிக்கைகளுக்கும் கணக்குகளுக்கும் செலவாகும் பொழுதில் ஒரு மணி நேரத்தை ஒரு நூலுக்கு ஒதுக்கலாம். அந்நூல் யாரைப் பற்றியதோ அவர்களில் இருவரை அன்று அழைத்து அமரச் செய்யவேண்டும்: மீனவரைப் பற்றிய நூலாயின் மீனவர், உப்பளத் தொழிலாளரைப் பற்றியதாயின் உப்பளத்தில் வேலை செய்யும் பெண்கள். நூலில் எழுதியிருப்பது சரியா என்று முதலில் அவர்களைக் கேட்கவேண்டும். ஆயர்கள் அதன்பின் பேசலாம். எழுதப்படிக்கத் தெரியாதவர் வந்திருந்தால் ஓர் அதிகாரத்தை உரக்க வாசித்துக்காட்டுவதற்கு அரை மணி நேரம் கூடுதலாகும். அதையும் நிகழ்ச்சிநிரலில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.